கைக்குழந்தையும் இரண்டரை வயதும்: நியூஜெர்சியிலிருந்து சென்னைக்கு எந்த வழி?

சித்தி பொண்ணு போன வாரம் கூப்பிட்டாள். டிசம்பரில் கும்பகோணம் போகிறாள், முதல் தடவையாக இரண்டு குழந்தைகளோடு. பெரியவனுக்கு இரண்டரை வயது, சின்னவளுக்கு அப்போது எட்டு மாதம் ஆகியிருக்கும். லேப்டாப்பில் மூன்று டிக்கெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "அக்கா, துபாய் வழி இருபது மணி நேரம், லண்டன் வழி இருபத்தொன்றரை, டெல்லி வழி பத்தொன்பதரை. டெல்லிதான் விலையும் கம்மி, போட்டுடட்டுமா?" என்றாள். போடாதே என்றேன். ஏன் என்று சொல்லி முடிக்க ஒன்றே கால் மணி நேரம் ஆனது, நடுவில் அவள் குழந்தை இரண்டு தடவை அழுதது, என் பையன் ஒரு தடவை போனைப் பிடுங்கினான். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த மூன்று வழியிலும் நான் போய்ப் பார்த்தாயிற்று. பையனுக்கு ஒரு வயது இருந்தபோது லண்டன் வழி. அவனுக்கு இரண்டரை, பாப்பாவுக்கு எட்டு மாதம் என்று அச்சு அசலாக இவள் கணக்கிலேயே துபாய் வழி. அதற்கு அடுத்த வருடம், மூன்றரை வயதும் இருபது மாதமுமாக, டெல்லி வழி. நியூயார்க் பக்கத்திலிருந்து சென்னைக்கு நேர் விமானம் கிடையாது, எப்படியும் ஓர் இடத்தில் இறங்கி ஏறியாக வேண்டும். எங்கே இறங்குவது என்பதுதான் கேள்வி.

குழந்தை இல்லாத காலத்தில் விலையையும் மொத்த மணி நேரத்தையும் பார்த்தால் போதும். இப்போது நான் முதலில் எண்ணுவது வேறு: தூங்குகிற குழந்தையை எத்தனை தடவை எழுப்ப வேண்டியிருக்கும்? பதினெட்டு மணி நேரம் சீட்டில் உட்கார்ந்திருப்பதெல்லாம் பெரிய கஷ்டமே இல்லை. அரைத் தூக்கத்தில் எழுப்பிவிட்ட பையன் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாக, நடக்க மாட்டேன் என்று விமான வாசலில் படுத்துக்கொள்வான், அதே நிமிடம் கைக்குழந்தை டயப்பரை நிரப்பும், பின்னால் முந்நூறு பேர் பையோடு நிற்பார்கள். அங்கேதான் பயணம் கெடுகிறது. அந்த மாதிரி நிமிடங்கள் எந்த டிக்கெட்டில் குறைவோ அதுதான் நல்ல டிக்கெட், இரண்டு மணி நேரம் கூட ஆனாலும் பரவாயில்லை.

இந்தக் கணக்கில் லண்டன் வழி பார்க்க அழகாக இருக்கும், அனுபவத்தில் அப்படி இல்லை. ஏழு மணி நேரம், பிறகு பத்து மணி நேரம், பாதிப் பாதியாக வெட்டினது போல. நானும் அப்படி நினைத்துத்தான் முதல் தடவை போட்டேன். ஆனால் அந்த ஏழு மணி நேரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ராத்திரி எட்டு, எட்டரைக்குக் கிளம்புகிறது. சாப்பாட்டு வண்டி வந்து, தட்டை எடுத்து, விளக்கை அணைக்கப் பத்தரை ஆகிவிடும். தரையிறங்க ஒன்றேகால் மணி நேரம் இருக்கும்போது காலை உணவு என்று சொல்லி மறுபடி விளக்கைப் போட்டுவிடுவார்கள், நியூஜெர்சி நேரத்துக்கு அப்போது அதிகாலை இரண்டு, இரண்டேகால். ஆக, ஏழு மணி நேர விமானத்தில் தூங்கக் கிடைப்பது நாலு மணி நேரம்கூட இல்லை, அதுவும் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழுப்பல். அப்புறம் டிரான்சிட் செக்யூரிட்டி, அங்கே பால் பாட்டில்களைத் தனியாக எடுத்துக் காட்டணும். பிற்பகல்வரை காத்திருந்து பத்து மணி நேர விமானத்தில் ஏறும்போது எங்கள் பையனுக்குத் தூக்கம் கலைந்து, அடுத்த தூக்கத்துக்கு நேரமும் வராமல், ஆறு மணி நேரம் நடைபாதையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். நடந்தோம் என்று சொல்வதுதான் சரி, ஒரு வயசுக் குழந்தை தானாக நடக்காதே, குனிந்து இரண்டு கையையும் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

லண்டனில் இன்னொரு சிக்கல் குழந்தைக்கு இல்லை, நமக்கு. எச்1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் இருந்து, பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை (ஸ்டாம்பிங்) காலாவதியாகி, ஊரில்தான் புதுப்பிக்கப் போகிறோம் என்கிறவர்கள் இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே விமானம் மாறுவதற்கே டிரான்சிட் விசா வாங்க வேண்டிவரும். செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. வளைகுடா விமான நிலையங்களில் உள்ளேயே விமானம் மாறுகிறவர்களை இதற்காக யாரும் கேட்பதில்லை. செக்-இன் கவுண்டரில் போய் நின்ற பிறகு இதைத் தெரிந்துகொண்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். நாலு பேரும் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள்.

சரி, டெல்லி. இதில் முதல் பாதி மூன்று வழியிலும் சிறந்தது, ஒப்புக்கொள்கிறேன். பதினாலு மணி நேரத்துக்கு மேல் ஒரே விமானம், சாப்பிட்டுத் தூங்கி எழுந்து விளையாடி மறுபடி தூங்கலாம், யாரும் இறங்கச் சொல்ல மாட்டார்கள். ஏர் இந்தியாவில் பருப்பு சாதம் மாதிரி ஏதாவது ஒன்று கேட்டால் கிடைக்கும், பையன் சாப்பிட்டான். (2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடிய பிறகு சுற்றிப் போக வேண்டியதாகி நேரம் கூடியது, நடுவில் எரிபொருளுக்கு இறங்கியதும் உண்டு. புக் செய்யும் நாளில் நிலவரம் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) கஷ்டம் எல்லாம் டெல்லியில் இறங்கின பிறகு இருக்கிறது. இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே இமிக்ரேஷன். அப்புறம் பெல்ட்டில் நின்று எல்லாப் பெட்டியையும் எடுக்கணும், கஸ்டம்ஸ் தாண்டணும், பெட்டியை மறுபடி ஒப்படைக்கணும், உள்நாட்டு விமானத்துக்குப் புதிதாக செக்யூரிட்டி, அதற்கு மேல் மூன்று மணி நேர விமானம். ஊருக்கு வந்துவிட்டோம் என்று உடம்பு நினைத்துக்கொண்ட பிறகு இவ்வளவும் செய்யணும்.

அந்த செக்யூரிட்டி வரிசை இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. பாப்பா என் மார்போடு கட்டின கேரியரில் தூங்கிக்கொண்டிருந்தாள், வாய் லேசாகத் திறந்து, கன்னம் என் கழுத்துச் சங்கிலியில் பதிந்து. கேரியரை அவிழ்த்து ஸ்கேனரில் போடணும் என்றார்கள். பெண்களைச் சோதிக்கும் அந்தத் திரைத் தடுப்புக்குள் இருந்த காவலர் அம்மா பாப்பாவைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்து, சத்தமில்லாமல் கருவியை அவள் முதுகுப் பக்கம் ஒரு தடவை ஓட்டிவிட்டுப் போகச் சொன்னார். அந்த அம்மா புண்ணியவதி. ஆனால் கேரியரை அவிழ்த்தபோதே பாப்பா விழித்துவிட்டாள், வெளியே வருவதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள், சென்னை வரும்வரை நிறுத்தவில்லை. அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் ஆறு டிரேயையும் ஒரு பையனையும் வைத்துக்கொண்டு என்னைத் தேடிக்கொண்டிருந்தார்.

டெல்லிதான் வேண்டும் என்றால் ஒன்று மட்டும் கவனியுங்கள், சென்னைவரை ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். காசு மிச்சம் என்று உள்நாட்டு விமானத்தைத் தனியாக வாங்கினால் பெரும்பாலும் ஆளுக்கு 15 கிலோதான், நீங்கள் கொண்டுவருவதோ 23 கிலோ பெட்டிகள். மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். போக வேண்டிய ஊரே டெல்லி என்றால் நான் சொன்ன குறை எதுவும் கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு இதையே போடலாம். நமக்குக் கும்பகோணம்.

துபாய், தோஹா, அபுதாபி மூன்றையும் ஒன்றாகவே பேசிவிடலாம். நியூயார்க்கிலிருந்து பன்னிரண்டரை, பதிமூன்று மணி நேரம், பிறகு சென்னைக்கு நாலு, நாலரை மணி நேரம். நீளமான பகுதி முதலில் வருவதுதான் இதன் பலம், நமக்கும் அப்போது தெம்பு இருக்கும். ராத்திரி பதினொரு மணி வாக்கில் கிளம்புவது கிடைத்தால் அதையே எடுங்கள். எட்டு மணிக்குத் தூங்குகிற பையன் போர்டிங் வரிசையிலேயே சாய்ந்துவிடுவான், ஏழெட்டு மணி நேரம் தூங்குவான், எழுந்து சாப்பிட்டு விளையாடி, இறங்கும்போது விழித்துக்கொண்டுதான் இருப்பான். அதாவது முதல் விமானத்தில் எழுப்பலே இல்லை. அடுத்ததில் சென்னையில் இறங்குவது விடியற்காலை ஐந்து, ஐந்தரை என்றாலும் டிசம்பரில் நியூஜெர்சிக்கும் சென்னைக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம், குழந்தைகளின் உடம்புக்கு அப்போது சாயங்காலம் ஏழு மணி. எங்கள் பையன் சென்னை இமிக்ரேஷன் வரிசையில் பாட்டுப் பாடிக்கொண்டு நின்றான், பெரியவர்கள்தான் தள்ளாடினோம்.

நடுவில் எவ்வளவு நேரம் விடுவது? ஒன்றரை மணி நேரம் என்று வந்தால் வேண்டவே வேண்டாம், முதல் விமானம் அரை மணி தாமதமானால் இரண்டு குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மூன்று மணி நேரம் நல்ல அளவு: டயப்பர், முகம் கழுவல், உடை மாற்றம், பையன் கொஞ்சம் ஓடட்டும். எட்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் துபாயிலும் தோஹாவிலும் டெர்மினலுக்கு உள்ளேயே ஹோட்டல் இருக்கிறது, வெளியே போகாமலே படுக்கலாம், விலைதான் கண்ணைக் கட்டும். ஸ்ட்ரோலரை விமான வாசலில் கொடுத்தால் அங்கே இறங்கும்போது கையில் திரும்ப வரும் என்று நம்பாதீர்கள், சென்னை பெல்ட்டுக்குப் போயிருக்கலாம். துபாயில் கடன் ஸ்ட்ரோலர் வைத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் கேரியர்தான் துணை. வளைகுடாவின் நிஜமான குறை வேறு, அங்கே பதற்றம் வந்தால் வானம் மூடிக்கொள்ளும். 2025 ஜூனில் கத்தார் சில மணி நேரம் மூடியதற்கே எத்தனையோ பேர் அங்கங்கே மாட்டிக்கொண்டார்கள். அதனால் டயப்பரும் பால் பவுடரும் பயணத்துக்குக் கணக்குப் போட்டதைவிட ஒரு நாளைக்குக் கூடுதலாகக் கைப்பையிலேயே இருக்கட்டும்.

காவிரி டெல்டாக்காரர்களுக்குத் திருச்சி ஆசை வரும், எனக்கும் வந்தது. கும்பகோணத்துக்குத் திருச்சி 100 கிலோமீட்டருக்குள், சென்னை கிட்டத்தட்ட 300. வளைகுடாவிலிருந்து திருச்சிக்கு விமானங்கள் உண்டு. ஆனால் அமெரிக்காவிலிருந்து வரும் விமானமும் அதுவும் வெவ்வேறு கம்பெனியாக, தனித்தனி டிக்கெட்டாக இருந்தால் நடுவில் பெட்டியை எடுத்து வெளியே போய் மறுபடி உள்ளே வரணும், டெல்லிக் கதைதான். ஒரே டிக்கெட்டாகக் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம். நாங்கள் சென்னையில் பெரியம்மா வீட்டில் ஒரு ராத்திரி தங்கி, அடுத்த நாள் காரில் போனோம்.

அடுத்தது சீட்டு. இரண்டு வயது முடியாத குழந்தைக்கு மடியில் வைத்துக்கொள்ளும் டிக்கெட், சர்வதேச விமானத்தில் பெரும்பாலும் பெரியவர்கள் கட்டணத்தில் பத்து சதவிகிதம் போல, வரி தனி. இரண்டு முடிந்தால் தனி சீட்டு கட்டாயம், அதற்குச் சிலர் கொஞ்சம் குறைப்பார்கள், சிலர் முழுசாகவே வாங்குவார்கள். போகும்போது ஒன்றே முக்கால், ஊரில் இருக்கும்போது பிறந்தநாள் என்றால் திரும்பும் டிக்கெட் சீட்டோடு வேண்டும். இது தெரியாமல் வந்து விமான நிலையத்தில் அன்றைய விலைக்கு வாங்கியவர்கள் உண்டு.

எட்டு மாதக் குழந்தைக்கு மடி டிக்கெட்டும் பாசினெட்டும் (விமானத்தில் மாட்டித் தரும் குட்டித் தொட்டில்) போதும் என்பது என் கட்சி. அமெரிக்க விமானத் துறையின் எஃப்ஏஏ இதை ஏற்காது, குழந்தைக்குத் தனி சீட்டு வாங்கி, விமானத்துக்கு ஏற்றதென்று முத்திரை உள்ள கார் சீட்டில் கட்டுவதே பாதுகாப்பு என்கிறது. விமானம் உலுக்கினால் குழந்தை நம் கைப்பிடியில் நிற்காது என்பது உண்மைதான், அதை மறுக்க முடியாது. கையில் காசு இருந்தால் அதையே செய்யுங்கள். எங்களிடம் இல்லை. ஆனால் இருபது மாதத்தில் மடி டிக்கெட் போட்டது நான் செய்த தப்பு. பன்னிரண்டு கிலோ, பாசினெட்டில் காலை மடக்கினாலும் அடங்காது, மடியில் நிற்காது, தட்டை இறக்கினால் தட்டின் மேல் ஏறும். மிச்சம் பிடித்த காசை டெல்லியில் இறங்கும்போதே மனசுக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒன்றரை வயது தாண்டினால் சீட்டு வாங்கிவிடுங்கள்.

பாசினெட் மாட்டும் இடம் தடுப்புச் சுவருக்கு எதிரே உள்ள முதல் வரிசை. டிக்கெட் வாங்கின அன்றே போன் செய்து கேட்க வேண்டும், எடை வரம்பு ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வரிசையில் கால் நீட்ட இடம் கிடைக்கும், ஆனால் முன்னால் சீட்டே இல்லாததால் பை வைக்கும் இடம் போய்விடும், கைப்பிடிக்குள் தட்டு இருப்பதால் அதை மேலே தூக்கவும் முடியாது, பெரியவன் அம்மா மடியில் தலைவைத்துப் படுப்பது நடக்காது. சீட் பெல்ட் விளக்கு எரிந்தால் குழந்தையைத் தூக்கி மடியில் வைக்கச் சொல்வார்கள். ஆக, இதுவும் எழுப்பல்தான்! அரபிக்கடல் பக்கம் ஒரே நாலு மணி நேரத்தில் மூன்று தடவை தூக்கினேன். இன்னொன்று, விமானத்தின் உள் அமைப்பு. மூன்று-மூன்று-மூன்று என்று சீட் இருந்தால் நீங்கள் இரண்டு பேர், பெரியவன், மூன்று சீட்டும் உங்களுடையது. மூன்று-நாலு-மூன்று என்றால் நடு நாலில் ஒரு அந்நியர் மாட்டுவார், பாவம் அவர். ஒரு தடவை கேட்டு வாங்கின முதல் வரிசை, விமானத்தை மாற்றிவிட்டோம் என்று கடைசி நாளில் காணாமல் போனது. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, எல்லாரும் செய்வதுதான். முந்தின நாள் ஒரு தடவை சீட் எண்ணைச் சரிபாருங்கள்.

பெரியவனுக்குக் கார் சீட் தூக்கிக்கொண்டு போகணுமா என்று சித்தி பொண்ணு கேட்டாள். அதில் அவன் நன்றாகத் தூங்குவான், ஆனால் கால் நேராக முன் சீட்டை உதைக்கும், அதை டெர்மினல் முழுக்க யார் சுமப்பது என்பது வேறு. கேர்ஸ் என்று ஒரு தோள் பட்டை இருக்கிறது, 10 கிலோவிலிருந்து 20 கிலோவரைக்கும், சீட்டின் முதுகைச் சுற்றி மாட்டுவது, மடித்தால் கையளவு. எஃப்ஏஏ அங்கீகரித்தது, வெளிநாட்டுக் கம்பெனி என்றால் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். நான் அதற்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஊரில் மாமா காரில் கார் சீட்டை மாட்டலாம் என்று நாங்கள் கொண்டுபோய்ப் பார்த்தோம், பின் சீட் பெல்ட்டின் பக்கிள் பல வருடமாக மெத்தைக்கு அடியில் புதைந்து கிடந்தது.

சாப்பாடு பற்றி நிறைய எழுதலாம், சுருக்கமாக முடிக்கிறேன். குழந்தைகள் உணவு என்று கேட்டால் பாஸ்தா வரும், நம் பிள்ளை அதை விரலால் தள்ளும். நெய் தடவின குட்டி இட்லி, பொட்டுக்கடலை, சின்னதுக்குச் சத்துமாவு, இது போதும், வெந்நீர் கேட்டால் கொடுப்பார்கள். குழந்தைக்கான பாலுக்கும் உணவுக்கும் 100 மில்லி கட்டுப்பாடு பொருந்தாது, கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். காது அடைப்பு ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம், அதனால் பாலை அப்போதைக்கு மிச்சம் வையுங்கள். அலர்ஜி மருந்து இரண்டு சொட்டு விடு, நன்றாகத் தூங்கும் என்று யாராவது ஒரு அத்தை சொல்வார். வேண்டாம், டாக்டர்களும் வேண்டாம் என்கிறார்கள். சில பிள்ளைகளுக்கு அது தூக்கத்துக்குப் பதிலாகத் துள்ளலைக் கொடுக்கும்.

திரும்பி வருவது தனிப் பயணம், இதே கணக்கு அதற்கு ஒத்துவராது. சென்னையிலிருந்து வளைகுடா போகும் பல விமானங்கள் விடியற்காலை மூன்று, நாலு மணிக்கு. ராத்திரி பதினொன்றரைக்கே தூங்குகிற இரண்டையும் எழுப்பணும். காலை ஒன்பது, பத்து மணி விமானம் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வாங்குங்கள். அப்புறம் அபுதாபி. அங்கேயே அமெரிக்க இமிக்ரேஷன் முடித்துவிடலாம், 2014-லிருந்து இருக்கிறது, நியூயார்க்கில் உள்நாட்டுப் பயணி மாதிரி இறங்கி நேரே பெட்டிக்குப் போகலாம். பதினாலு மணி நேரத்துக்குப் பிறகு வரிசையில் நிற்க வேண்டாம் என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் அதற்கு அபுதாபியில் நேரம் வேண்டும், மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக டிரான்சிட் வைத்தால் மாட்டிக்கொள்வோம். அதனால் போக துபாய், வர அபுதாபி என்று இரண்டு கம்பெனியாக வாங்கினால் விலை ஏறுகிறதா பார், ஏறாவிட்டால் அதையே செய் என்றேன்.

ஆனால் திரும்பும்போது என்னைக் கவிழ்த்தது வரிசையும் இல்லை, நேரமும் இல்லை, தூளி. போகும்போது பாசினெட்டில் அஞ்சு மணி நேரம் தூங்கின பாப்பா, ஊரில் ஐந்து வாரம் அம்மாவின் பழைய நூல் புடவையில் ஆடி ஆடித் தூங்கிவிட்டு, வரும்போது பாசினெட்டில் முதுகு பட்டால் போதும், வீல் என்று கத்தினாள். ஆடாத படுக்கையை அவளுக்கு மறந்தே போயிருந்தது. கடைசியில் விமானத்தின் பின்பக்கம், காபி மெஷின் பக்கத்தில், கேரியரில் கட்டிக்கொண்டு நானும் அவரும் முறை வைத்து ஆடினோம். ஒரு ஏர் ஹோஸ்டஸ் பெண் சீட் பெல்ட் விளக்கு எரிந்தபோதெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எங்களை உட்காரச் சொன்னாள். உட்கார்ந்ததும் பாப்பா விழிப்பாள்.

போகாமலே இருந்தால் என்ன என்றும் பேசினோம். சித்தி சித்தப்பாவுக்கு இரண்டு டிக்கெட் போட்டு இங்கே வரவழைத்தால், ஒரு குழந்தை டிக்கெட்டும் ஒரு மடி டிக்கெட்டும் மிச்சம். ஆனால் விசா நேர்காணலுக்கே காத்திருப்பு, டிசம்பரில் நியூஜெர்சிக் குளிர், சித்தப்பாவின் முழங்கால். அதோடு கும்பகோணத்தில் தொண்ணூறைத் தொடும் பெரிய பாட்டி இருக்கிறாள், அவளை விமானம் ஏற்ற முடியாது. அந்த யோசனை இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

நேற்று மெசேஜ் அனுப்பியிருந்தாள். போக துபாய், ராத்திரி பதினொரு மணி விமானம், நடுவில் மூன்றேகால் மணி நேரம். வர அபுதாபி. பாசினெட் வரிசைக்குப் போன் பண்ணிச் சொல்லியாயிற்று. தூளி வேண்டாம், பாயிலேயே படுக்கப் பழக்கலாம் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னேனே, சொன்னாயா என்று கேட்டேன். சித்தி ஏற்கெனவே உத்தரத்துக் கொக்கிக்கு எண்ணெய் விட்டு, மூன்று நூல் புடவையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டாளாம்.